பழைய துவக்கும் பழைய பத்திரமும்

காலபோக நெல் குடலை தள்ளும் நாட்களில் வன்னி விவசாயிக்கு இரவு நித்திரை கிடையாது. பகல் முழுவதும் வயலில் நின்றவர் இரவும் காவற்கொட்டிலில் குந்தியிருக்க வேண்டும். சற்றுக் கண்ணயர்ந்தால், விடியும்போது வரம்போரம் உழுது போட்டதுபோல் கிடக்கும். பன்றிக் கூட்டம் தின்பது கொஞ்சம், உழக்குவது அதிகம். கச்சான் போட்டவர்களின் பாடு இதைவிட மோசம். மண்ணுக்குள் இருப்பதையும் அது கிண்டி எடுத்துவிடும்.

கடந்த மாரியில் இப்படிக் கச்சானைப் பறிகொடுத்த ஒருவர் எம்மைத் தேடி வந்தார். முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1990இல் முதன்முதலாக ஊரைவிட்டு வெளிக்கிட்டு, பல இடங்களில் குடியிருந்து, 2009இல் முகாமுக்குள் போய், 2010இல் காணிக்குத் திரும்பியவர். அவர் நிவாரணம் கேட்டு வரவில்லை.

“ஐயா, வவுனியாப் பக்கம் ஒரு பழைய ரெட்டைக்குழல் துவக்கு விலைக்கு இருக்குதாம். நல்ல இங்கிலீசுச் சாமான் எண்டு சொல்லுகினம். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ” என்றார்.

அவருடைய தகப்பனாரிடமும் முன்னர் ஒரு துவக்கு இருந்தது. பத்திரம் உள்ள துவக்கு. 1980களில் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தார். ஒரு துண்டு கொடுத்தார்கள். அந்தத் துண்டைத் தகப்பன் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருந்தார். தகப்பன் காலமான பின் மகன் வைத்திருந்தார். 2009இல் மாத்தளனில் பெட்டியோடு அதுவும் போய்விட்டது. “துவக்கும் இல்லை, துண்டும் இல்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

துவக்கைப் பற்றி எமக்கு அதிகம் தெரியாது. ஆகவே, முன்னர் துவக்குத் திருத்தும் வேலை செய்த ஒரு முதியவரையும் அழைத்துக்கொண்டு மூவருமாகப் போனோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம். ஏனெனில் இதே எண்ணத்தோடு இருப்பவர்கள் எமது வாசகர்களில் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

முதலில் குழலைத் திறவுங்கள்

துவக்குக்கு உரியவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. கணவர் வயல் செய்தவர். அவர் இறந்து ஆறு வருடங்கள். துவக்கைப் பழைய சாரம் ஒன்றால் சுற்றி வீட்டு வளையில் கட்டி வைத்திருந்தார்கள். பேரன்தான் ஏறி அவிழ்த்தான்.

பெரியவர் அதைக் கையில் வாங்கியதும் அழகைப் பார்க்கவில்லை. விலையையும் கேட்கவில்லை. எல்லோரையும் தனக்குப் பின்னால் வரச் சொல்லி, முற்றத்தில் இறங்கி, குழலை வெறும் நிலத்தை நோக்கிப் பிடித்தார். வெளியே தெரியும் குதிரைகள் உள்ள பழைய வகைத் துவக்கு அது. இடப்பக்கக் குதிரையின் வில்லு தேய்ந்து, அது பின்வாங்காமல் ஊசியின்மேலேயே படுத்திருந்தது. அதைப் பெருவிரலால் மெல்ல உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நெம்பைத் தள்ளித் துவக்கை மடித்தார்.

இடக்குழலில் ஒரு தோட்டா இருந்தது. பித்தளை அடியில் பச்சை பிடித்திருந்தது.

ஆறு வருடங்களாக அந்த வளையின்கீழ்தான் பேரப்பிள்ளைகள் படுத்தெழும்பியிருக்கிறார்கள். கயிறு அறுந்து துவக்கு விழுந்திருந்தால் அந்தக் குதிரை ஊசியில் இடித்திருக்கும். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் இருந்துவிட்டார். “எனக்குத் தெரியாதையா, அவர் வைச்சபடி வைச்சனான்” என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

ஈரத்தில் ஊதிப்போயிருந்த கடதாசித் தோட்டாவைப் பெரியவர் மெல்ல நெம்பி எடுத்துத் தனியாக வைத்தார். பிறகு வலக்குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. நடுவில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அடைபட்ட குழலால் வெடி வைத்தால், முன்னால் போக வழியில்லாத வேகம் குழலைப் பிளந்துகொண்டு வெளியேறும். துவக்கைத் தாங்கும் இடது கை அந்த இடத்துக்கு அருகில்தான் இருக்கும்.

ஆகவே முதற் பாடம் இது. எவர் தந்தாலும், எத்தனை வருடம் கிடந்தாலும், துவக்குக்குள் தோட்டா இருக்கிறது என்றே எண்ணிக் கையாள வேண்டும். திறக்கத் தெரியாதவர் தொடக்கூடாது.

குழலின் அடியில் எழுதியிருப்பது

துவக்கைத் துடைத்ததும் குழலில் நீரலை போன்ற கோடுகள் தெரிந்தன. எம்மோடு வந்த விவசாயி அதை விரலால் தடவினார். “அப்பான்ரையும் இப்பிடித்தான் ஐயா. அலை அலையாய்” என்றார். அந்த நேரத்தில் என்ன விலை கேட்டிருந்தாலும் அவர் கொடுத்திருப்பார்.

அந்த அலை எப்படி வந்தது என்று பெரியவர் விளக்கினார். முற்காலத்தில் துவக்குக் குழலை முழு உருக்கில் துளைத்துச் செய்யவில்லை. இரும்பையும் உருக்கையும் பட்டிகளாக அடித்து, முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிப் பாய் பின்னுவதுபோலச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி ஒட்டினார்கள். இதற்கு டமாஸ்கஸ் குழல் என்று பெயர். பார்வைக்கு மிக அழகு. ஆனால் குழலின் நீளம் முழுவதும் ஒட்டுத்தான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஈரமும் துருவும் அந்த ஒட்டுகளில் எங்கே ஊறியிருக்கின்றன என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அந்தக் காலத்துக் குழல்கள் கறுப்பு மருந்துக்குச் செய்யப்பட்டவை. புகையில்லாத நைட்ரோ மருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாக வந்தது. கறுப்பு மருந்துக்குச் செய்த குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது, வண்டில் மாட்டைப் பூட்டும் நுகத்தில் உழவு இயந்திரத்தைப் பூட்டுவது போன்றது. சில டமாஸ்கஸ் குழல்கள் பின்னர் நைட்ரோ மருந்துக்கும் சோதித்துத் தேறியவைதான். எது தேறியது, எது தேறவில்லை என்பதைக் குழலின் அடியில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் துவக்குகளை விற்குமுன் சோதனைச் சாலையில் கொடுத்துச் சோதிப்பது சட்டம். வழக்கத்தைவிடக் கூடிய மருந்து போட்டு வெடிக்க வைப்பார்கள். வெடிப்போ வீக்கமோ இல்லாமல் தாங்கிய குழலுக்கு முத்திரை குத்துவார்கள். இலண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாம் நகரின் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரமும் உலகமெங்கும் துவக்கு அனுப்பிய இடம். அங்கே நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைக் குத்தினார்கள். 1893 முதல் அதன்மேல் ஒரு கிரீடமும் சேர்ந்தது.

இந்த முத்திரைகள் வெளியே தெரியாது. முன்கைப் பலகையைக் கழற்றி, குழலைப் பிரித்தெடுத்துத் திருப்பினால், அடிப்பக்கத்துத் தட்டையான இடத்தில் இருக்கும். நைட்ரோ மருந்துக்குச் சோதித்த ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் ‘நைட்ரோ புரூஃப்’ என்ற ஆங்கிலச் சொற்களே காணப்படும். சிலவற்றில் கிரீடத்தின்கீழ் என், பி என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும்.

அம்மாவின் துவக்கில் பேர்மிங்ஹாம் முத்திரை இருந்தது. ஆனால் நைட்ரோ முத்திரை இல்லை. ‘நொட் ஃபோ போல்’ என்ற ஆங்கிலச் சொற்கள் இருந்தன. தனிக்குண்டு போட்டுச் சுடக்கூடாது என்பது பொருள். வாய்ப்பக்கம் ஒடுக்கிச் செய்த குழல்களுக்கு 1875 முதல் 1887 வரையான காலத்தில் இப்படிக் குத்தினார்கள். எனவே துவக்கின் வயது 130க்கு மேல். அது கறுப்பு மருந்துத் துவக்கு. வளையில் கிடந்ததோ புகையில்லாத மருந்துத் தோட்டா. அம்மாவின் கணவர் இத்தனை காலமும் அதனால் வெடி வைத்து உயிரோடிருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

தோட்டாவின் நீளம்

இன்னொரு பொறியையும் பெரியவர் காட்டினார். துவக்கின் அளவைப் ‘பன்னிரண்டு’ என்கிறோம். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுவே குழலின் துவாரம். அதாவது ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். இருபது என்றால் இருபது உருண்டை. அதனால் துவாரம் சிறியது.

பருமன் சரியாக இருந்தாலும் நீளம் மாறலாம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர். இன்று அதிகம் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீற்றர். “போட்டுப் பாத்தன், நல்லாப் போகுது” என்று சொல்வார்கள். போகத்தான் செய்யும். தோட்டாவின் வாய் மடித்து மூடப்பட்டிருப்பதால் வெடிக்குமுன் அது கட்டையாக இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பது மடிப்பு விரிந்த பின்னுள்ள நீளம். கட்டையான அறைக்குள் மடிப்பு விரிய இடமில்லாமல் துவாரத்தை நெருக்கும். அமுக்கம் கூடும். பழைய குழல் அதைத் தாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வீட்டில் இருவகைத் தோட்டாவும் கலந்து கிடந்தால் ஆபத்து இரட்டிப்பு. இருபதின் தோட்டா பன்னிரண்டின் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் இறுகி நின்றுவிடும். குழல் வெறுமை என்று எண்ணிப் பின்னால் பன்னிரண்டைப் போட்டுச் சுட்டவர்களின் குழல்கள் வெடித்திருக்கின்றன.

தட்டியும் ஆட்டியும் பார்த்தல்

பழைய துவக்கை வாங்குவோர் செய்ய வேண்டிய மற்றச் சோதனைகளையும் வரிசையாகச் சொல்கிறோம். துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதி செய்த பின்னரே இவை அனைத்தும்.

குழலைத் தனியே பிரித்து, கொளுவியைப் பிடித்துத் தொங்கவிட்டு, மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டி இறுக்கமாக உள்ளது. ஓட்டைப் பானைபோல் ஒலித்தால் ஒட்டு விட்டிருக்கிறது. ஒட்டு விட்ட இடத்தில் நீர் புகுந்து உள்ளே துரு தின்றிருக்கும்.

குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடிபோல் இருக்க வேண்டும். கரும்புள்ளிகளும் குழிகளும் இருந்தால் துரு. விற்பவர் அதை உரஞ்சி மினுக்கியிருந்தால் குழி மறையும், ஆனால் சுவரும் மெலியும். சுவர்த் தடிப்பு ஓரிடத்தில் 0.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அனுபவமுள்ளவர்கள் அந்தக் குழலை நம்புவதில்லை. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். கையால் தடவிச் சொல்ல முடியாது.

முன்கைப் பலகையைக் கழற்றிவிட்டுத் துவக்கைப் பூட்டி, பிடங்கை ஒரு கையாலும் குழலை மறு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, குழலுக்கும் பின்சுவருக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ, பூட்டுத் தேய்ந்துவிட்டது. வெடிக்கும்போது தீயும் புகையும் முகத்துக்கு வரும்.

குதிரையை இழுத்துவிட்டுப் பிடங்கின் அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். விசையைத் தொடாமலே குதிரை விழுந்தால் அந்தத் துவக்கு எவரையும் கொல்லும். கடைசியாக, மரமும் இரும்பும் சேரும் கழுத்தைப் பாருங்கள். நிமிர்த்தி வைத்த துவக்கில் எண்ணெய் வடிந்து கழுத்து மரத்தை ஊறவைத்து மெதுமெதுப்பாக்கிவிடும்.

அம்மாவின் துவக்கு இவற்றில் ஒன்றிலும் தேறவில்லை. “மாட்டி வைச்சுப் பாக்கலாம், வெடி வைக்கேலாது” என்று பெரியவர் முடிவாகச் சொன்னார்.

பத்திரம் யாருடைய பெயரில்?

அப்படியானால் மலிவாக வாங்கி, திருத்தி வைத்துக்கொள்ளலாமே என்று விவசாயி கேட்டார். அப்போதுதான் பத்திரத்தைக் கேட்டோம். அம்மா ஒரு தகரப் பேணியிலிருந்து எடுத்துத் தந்தார். துவக்கின் இலக்கமும் பத்திரத்து இலக்கமும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் பத்திரம் காலமான கணவரின் பெயரில். அவர் இறந்த வருடத்துக்குப் பிறகு புதுப்பிக்கவில்லை.

இலங்கையில் சுடுகலன்களுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. அனுமதிப்பத்திரம் துவக்குக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை, இன்னாருக்கு இன்ன துவக்கு என்று கொடுக்கப்படுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரியவர் இறந்தால் துவக்கு வீட்டுச் சொத்துப்போல் மனைவி மக்களுக்குத் தானாக வந்துவிடாது. அறிவிக்காமல் வைத்திருந்தால் வைத்திருப்பவர் குற்றவாளியாகிறார். பத்திரமில்லாதவருக்கு விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம்.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் அனுமதி, பிறகு துவக்கு. பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு வேண்டுமென்றால், கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் விசாரியுங்கள். காணி, பயிர், சேதம் ஆகியவற்றுக்கான ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள். துவக்கைக் கண்ட ஆசையில் கைக்காசைக் கொடுத்துவிட்டுப் பின்னர் பத்திரத்துக்கு அலைய வேண்டாம். எமது பகுதிகளில் பத்திரமில்லாத துவக்கு ஒரு வீட்டில் பிடிபட்டால் அந்தக் குடும்பம் எவ்வளவு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. திரும்பிய காணிகளைத் துப்புரவாக்கும்போதும் கிணறு இறைக்கும்போதும் துவக்கோ, தோட்டாவோ, வேறு வெடிபொருளோ அகப்பட்டால் அதை எடுக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், விற்க வேண்டாம். இடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

பிறகு நடந்தது

அம்மா பயந்து போனார். “விக்கிறதுக்கெண்டு கூப்பிட்டன், இப்ப என்னை மறியலுக்கு அனுப்பப் போறியளோ?” என்றார். துவக்கைத் தூக்கிக்கொண்டு வீதியால் போவது சரியல்ல. ஆகவே நாம் கிராம அலுவலரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவர் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் வீட்டுக்கு வந்து துவக்கையும் தோட்டாவையும் பத்திரத்தையும் பொறுப்பேற்றார்கள். தானாக முன்வந்து அறிவித்ததால் அம்மாவுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. எழுதிக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு ஒன்று கொடுத்தார்கள். விலையாக வரும் என்று அவர் எண்ணியிருந்த பணம் மட்டும் வரவில்லை. பேரனின் படிப்புக்காக எண்ணியிருந்த பணம் அது. இதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை.

எம்மோடு வந்த விவசாயி வெறுங்கையோடுதான் ஊர் திரும்பினார். துவக்கு கிடைக்காத கோபத்தில் கட்டுத்துவக்கு வைக்கவோ, மின்கம்பியை வேலியில் இழுக்கவோ போகவில்லை. பன்றிக்கு வைத்ததில் விறகுக்குப் போனவரும் மாடு தேடிப் போன பிள்ளையும் அகப்பட்ட கதைகள் அவருக்குத் தெரியும். யானைக்கும் துவக்கு மருந்தல்ல. சிறு சன்னங்கள் யானையைக் கொல்லாது, புண்ணாக்கி மூர்க்கமாக்கும். அந்த மூர்க்கத்தை அடுத்த இரவு அடுத்த வயற்காரர் அனுபவிப்பார். யானையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும்.

இப்போது அவரும் பக்கத்துக் காணிக்காரர் நால்வரும் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். ஐந்து காணிக்கும் சேர்த்து ஒரே வெளிவேலி போட்டு, முள்ளும் அடைத்திருக்கிறார்கள். ஒருவர் விழித்திருக்க நால்வர் உறங்குகிறார்கள். பன்றி இன்னும் வருகிறது, ஆனால் ஒரே இரவில் தோட்டம் முழுவதையும் அழிக்க முடியவில்லை. கச்சேரியில் விண்ணப்பமும் கொடுத்திருக்கிறார். அனுமதி கிடைத்தால், சோதனை முத்திரை உள்ள, தோட்டா நீளம் பொருந்திய ஒரு துவக்கைப் பெரியவரைக் கூட்டிப்போய்ப் பார்ப்பாராம். அலை அலையான குழல் வேண்டாம் என்கிறார்.

அன்று புறப்படும்போது அவர் அம்மாவின் கையிலிருந்த பற்றுச்சீட்டை வாங்கி, துவக்கின் இலக்கமும் திகதியும் கையொப்பமும் சரியாக இருக்கின்றனவா என்று எம்மைக் கொண்டு ஒருமுறை வாசிப்பித்தார். பிறகு தனது சட்டைப் பையில் இருந்த பிளாஸ்ரிக் உறையைக் கழற்றி அதற்குள் போட்டுக் கொடுத்தார்.

“கவனமா வையுங்கோ அம்மா. ஒரு பிரதி எடுத்து மகளிட்டையும் குடுத்து வையுங்கோ” என்றார்.